வலென்சியாவில் எந்த வேளைக்குச் செலவு செய்வது?

ஸ்பெயினின் வலென்சியாவுக்கு வரும் நண்பர்களும் உறவினர்களும் விமான டிக்கெட் போட்ட கையோடு என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "நல்ல பாயேயா எங்கே கிடைக்கும்?" நியாயமான கேள்வி. அகலத் தட்டுப் பாத்திரத்தில் வேகும் சோறான பாயேயா பிறந்த மண் இது. ஆனால் பல வருடங்களாக இங்கே குடியிருந்து சாப்பிட்டதில் எனக்குத் தெரிந்தது இதுதான்: எந்தக் கடை என்று தேடுவதற்கு முன்னால் எந்தக் கிழமை, எத்தனை மணி என்று முடிவு செய்ய வேண்டும். ஒரே உணவகத்தில் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு வரும் சோறும் செவ்வாய் இரவு வரும் சோறும் ஒன்றாக இருப்பதில்லை.

இந்த ஊர்க்காரர்களின் நாள் இப்படிப் போகும். எழுந்ததும் ஒரு காபி. பத்து மணி வாக்கில் எஸ்மொர்சாரெத் என்ற காலைச் சாப்பாடு, அதுவும் வயிறு நிறைய. இரண்டு மணிக்கு மேல் மதியச் சாப்பாடு. நாளின் பெரிய வேளை அதுதான். இரவு ஒன்பதுக்கு மேல் ஏதோ கொஞ்சம். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். தங்கும் இடத்தில் காலை உணவு, நடந்துகொண்டே மதியம் ஒரு சாண்ட்விச், இரவு ஏழு மணிக்குப் பெரிய விருந்து. ஏழு மணிக்கு உள்ளூர்ச் சமையலறைகளில் அடுப்பே எரியாது. அந்த நேரத்தில் பாயேயா போட்டுக் கொடுப்பவை பெரும்பாலும் வெளியூர்க்காரர்களை மட்டுமே நம்பி நடக்கும் கடைகள். உள்ளூர்க்காரர்கள் இரவில் பாயேயா சாப்பிடுவதில்லை. அது மதியச் சோறு.

அதனால் என் ஆலோசனை முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்ததுதான். காசையும் பசியையும் பகலுக்கு வையுங்கள். பகலுக்குள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் கொஞ்சம் யோசனை வேண்டும்.

காலை பத்து மணி

ஒரே ஒரு வேளையைச் சொல்லுங்கள் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் நான் எஸ்மொர்சாரெத்தைத்தான் சொல்வேன். பாயேயா பெயர் எடுத்த அளவுக்கு இது வெளியே பெயர் எடுக்கவில்லை. ஆனால் வலென்சியாக்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது முகம் மலர்வது இதைச் சொல்லும்போதுதான். நல்ல எஸ்மொர்சாரெத் போடும் பார்களுக்கு 'ககாவ் தோர்', அதாவது தங்க வேர்க்கடலை, என்ற பெயரில் ஒரு விருதே இருக்கிறது.

உட்கார்ந்த உடனே ஓட்டோடு வறுத்த வேர்க்கடலை ஒரு தட்டும் ஆலிவ் காய் ஒரு தட்டும் வரும். சில கடைகளில் வினிகரில் ஊறிய காய்களும் சேரும். குடிக்க பீர், அல்லது சோடா கலந்த ஒயின், அல்லது தண்ணீர். காலை பத்து மணிக்கு பீரா என்று யாரும் பார்க்க மாட்டார்கள்; வேண்டாம் என்றாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம் பொகதியோ வரும். முழங்கை நீளத்துக்கு ஒரு மொறுமொறு ரொட்டி, நடுவே கீறி, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு உள்ளே நிரப்பியது. கடைசியில் கிரெமாயெத்: ரம்மில் சர்க்கரை, பட்டை, எலுமிச்சைத் தோல், சில காபிக் கொட்டைகள் போட்டு, தீ வைத்து எரித்து, அதன்மேல் காபியை ஊற்றிக் கண்ணாடிக் கோப்பையில் தருவார்கள். மது வேண்டாம் என்றால் சாதாரணக் காபியே கேட்கலாம். இத்தனைக்கும் சேர்த்து ஏழிலிருந்து பத்து யூரோவுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

விடியலில் வயலில் இறங்கும் விவசாயிகளும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் பாதி வேலை முடித்துச் சாப்பிட்ட சாப்பாடு இது. இன்றைக்கும் அந்தச் சாயல் போகவில்லை. வார நாட்களில் கட்டட வேலைக்காரர்கள், அலுவலகக்காரர்கள், ஓய்வு பெற்ற பெரியவர்கள் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருப்பார்கள். சனிக்கிழமையென்றால் சைக்கிள் ஓட்டிக் களைத்த கூட்டம் தலைக்கவசத்தோடு வந்து இறங்கும். இந்த ஊரில் யாரும் யாரையும் அவசரப்படுத்தாத நேரம் இது.

உள்ளே என்ன வைக்கச் சொல்வது என்பதில் நம் ஆட்களுக்குக் கொஞ்சம் கவனம் தேவை. 'பிளாங்கோ இ நேக்ரோ' என்றால் பன்றி சாசேஜ்களும் இரத்தம் சேர்த்த சாசேஜும். 'சிவீதோ' என்றால் பன்றி இறைச்சி, பேக்கன், சீஸ், முட்டை, லெட்டூஸ், தக்காளி, மயோனைஸ். 'கபாயோ' என்று பலகையில் எழுதியிருந்தால் அது குதிரை இறைச்சி. இளம் பூண்டுத் தாளோடு வதக்கித் தருவது இங்கே பழைய வழக்கம். இவை எதுவும் வேண்டாம் என்கிறவர்கள் சுட்ட கணவாயும் மயோனைசும் வைத்த பொகதியோவைக் கேளுங்கள். எனக்குப் பிடித்ததும் அதுதான். முட்டை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு தோர்த்தியா இருக்கிறது. கனமான ஆம்லெட், ரொட்டிக்குள் நன்றாகப் பொருந்தும். கத்தரிக்காய், ஆர்டிசோக், இளம் பூண்டு போட்ட தோர்த்தியாவும் பருவத்துக்குப் பருவம் வரும்.

எங்கே போவது? கடற்கரையை ஒட்டிய பழைய மீனவர் பகுதியான கபன்யாலில் 'லா பஸ்குவாலா' பெயர் பெற்றது. அங்கே ரொட்டியின் அளவைப் பார்த்துவிட்டுப் பாதியாகக் கேட்டாலும் தப்பில்லை. பழைய நகரத்துக்குள் இருக்கிறவர்களுக்கு மெர்காதோ சென்ட்ரால், 1928-ல் திறந்த அந்த இரும்பும் கண்ணாடியும் ஓடும் சேர்ந்த பெரிய சந்தை, போதும். அதற்குள் சமையல் கலைஞர் ரிக்கார்த் கமரேனாவின் 'சென்ட்ரால் பார்' இருக்கிறது. கொஞ்சம் விலை கூட, இடம் கிடைப்பதும் கஷ்டம். ஒன்பதரைக்கே போனால் நிற்க வேண்டியிருக்காது. ஆனால் பெயர் தெரியாத தெருமுனைப் பாரிலும் இந்த வேளை நன்றாகவே இருக்கும் என்பதுதான் எஸ்மொர்சாரெத்தின் பலம். மதியச் சோற்றில் அந்த உத்தரவாதம் கிடையாது.

இதன் குறை ஒன்றே ஒன்று. முழு பொகதியோ சாப்பிட்டவருக்கு இரண்டு மணிக்குப் பசிக்காது. காலையில் முழு ரொட்டி, மதியம் பாயேயா என்று ஒரே நாளில் இரண்டையும் திட்டமிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தட்டில் பாதிச் சோறு மிஞ்சும். அன்று மதியம் சோறு என்று முடிவானால் காலையில் பாதி ரொட்டி, 'மேதியோ' என்று கேளுங்கள். காலையில் முழுசாகச் சாப்பிட்டால் மதியத்தை விட்டுவிட்டு மாலையில் ஓர்ச்சாத்தா என்ற கிழங்குப் பால் குடித்து, இரவு லேசாக முடித்துக்கொள்ளுங்கள்.

திங்கள் முதல் வெள்ளி வரை மதியம்

வார நாட்களில் வருகிறவர்களுக்கு மெனு தெல் தியா மாதிரி ஒரு நல்ல ஏற்பாடு ஐரோப்பாவில் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது என்பது என் அனுபவம். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு அல்லது காபி, ரொட்டி, ஒரு பானம். எல்லாம் ஒரே விலையில். சாதாரண உணவகங்களில் 13 முதல் 18 யூரோ வரை. அதே உணவகத்தில் அதே பதார்த்தங்களைத் தனித்தனியாக விலைப்பட்டியலிலிருந்து கேட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும். 1960-களில் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சியின்போது, மனுவேல் ஃபிராகா சுற்றுலா அமைச்சராக இருந்த காலத்தில், வருகிற வெளிநாட்டினருக்காக உணவகங்கள் கட்டாயம் தர வேண்டும் என்று கொண்டுவந்த ஏற்பாடு இது. இன்று அதை நம்பியிருப்பது உள்ளூரில் வேலை பார்க்கிறவர்கள்தான். அதனால்தான் தரமும் விலையும் இன்னும் கைக்குள் இருக்கின்றன: தினமும் வருகிறவரை ஒரு நாள் ஏமாற்றினால் மறுநாள் அவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்.

நல்ல மெனுவை வாசலிலேயே கண்டுபிடிக்கலாம். சாக்பீசில் எழுதிய பலகை, முதல் தட்டுக்கு மூன்று நான்கு தேர்வு, இரண்டாவதற்கும் அவ்வளவே, உள்ளே வேலைச் சீருடையில் நாலு பேர். படங்கள் அச்சடித்த பெரிய அட்டை, ஆறு மொழிகளில் விலைப்பட்டியல், வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கும் பணியாளர் இருந்தால் நான் நடையைக் கட்டிவிடுவேன்.

மெனுவுக்குள்ளேயே சோறு வரும் நாட்களும் உண்டு. இங்கே மணிக்கணக்கு முக்கியம். அவர்கள் ஒரு பெரிய பாத்திரத்தில் இரண்டு மணிப் பந்திக்கென்று ஒரே தடவையாகச் சமைப்பார்கள். ஒன்றே முக்காலுக்கோ இரண்டுக்கோ போய் உட்கார்ந்தால் அருமையாக இருக்கும். மூன்றரைக்குப் போனால் அதே சோறு ஊறிக் குழைந்திருக்கும். அடுப்புப் பெட்டிக்குள் வைத்து வேகவைக்கும் 'அரோஸ் அல் ஓர்னோ'வுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. மண்சட்டியில் கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, முழுப் பூண்டு, தக்காளி, பன்றி விலா, இரத்தம் சேர்த்த சாசேஜ் எல்லாம் கலந்த வீட்டுச் சோறு அது. பன்றி சாப்பிடுகிறவர்கள் பலகையில் அதைப் பார்த்தால் விடாதீர்கள். வலென்சியா வீடுகளில் குளிர்காலத்தில் என்ன சமைப்பார்கள் என்பதற்குப் பாயேயாவைவிட இதுவே நல்ல சாட்சி.

வியாழக்கிழமை வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடும். கறுப்பு மேலங்கி போட்ட விவசாயப் பிரதிநிதிகள் கால்வாய்த் தண்ணீர் வழக்குகளை வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். பல நூற்றாண்டுகளாக நடக்கிறது, 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனால் தட்டில் இருக்கும் பீன்சும் ஆர்டிசோக்கும் எந்தத் தண்ணீரில் விளைந்தவை என்று தெரிந்து சாப்பிடலாம். ஆனால் அந்தச் சதுக்கத்தைச் சுற்றி உட்காராதீர்கள். இருபது நிமிடம் போல நடந்து ருசாஃபா பக்கமோ, மெட்ரோவில் பெனிமக்லெத்துக்கோ போங்கள். பெனிமக்லெத் ஒரு காலத்தில் தனிக் கிராமம். இப்போது மாணவர்கள் நிறைந்த பகுதி, அதனால் விலை இன்னும் அடங்கியிருக்கிறது.

கொஞ்சம் உயர்தரச் சமையலை ருசி பார்க்க ஆசை இருந்தால் அதற்கும் வார நாள் மதியம்தான். இரவில் தலைக்கு அறுபது யூரோ ஆகும் சில இடங்கள் மதியத்தில் குறைவான தட்டுகளோடு அதில் பாதிக்குக்கூடத் தருகின்றன.

சோறு: கடற்கரையா, ஏரிக்கரையா, ஊருக்குள்ளேயா?

இப்போது பாயேயா. வலென்சியா பாயேயா என்று இங்கே சொல்வதில் கடல் பொருள் எதுவும் இல்லை. கோழி, முயல், தட்டையான பச்சை பீன்ஸ், 'கரோஃபோ' என்ற பெரிய வெள்ளைப் பயறு (நம் டபுள் பீன்ஸ் இனம்), தக்காளி, ஆலிவ் எண்ணெய், குங்குமப்பூ, உப்பு, தண்ணீர், அரிசி. சிலர் ரோஸ்மேரி ஒரு கொத்துப் போடுவார்கள், சிலர் நத்தை, குளிர்காலத்தில் ஆர்டிசோக். பன்றியும் மாடும் கிடையாது என்பது நம்மில் பலருக்கு நிம்மதி தரும் செய்தி. இறாலும் சிப்பியும் போட்டது 'பாயேயா தே மரிஸ்கோ'. மீன் சாற்றில் வேகவைத்தது 'அரோஸ் அ பந்தா'. ஓடெல்லாம் உரித்துக் கை அழுக்காகாமல் சாப்பிடும்படி தருவது 'தெல் சென்யோரெத்'. கணவாய் மையில் கறுத்தது 'அரோஸ் நேக்ரோ'. எல்லாம் ஒரே அகலத் தட்டுப் பாத்திரத்தில்தான் வேகும்.

எங்கே சாப்பிட்டாலும் சில விஷயங்கள் பொது. குறைந்தது இரண்டு பேருக்குத்தான் போடுவார்கள். மேஜையில் எல்லோரும் ஒரே சோற்றுக்கு ஒத்துக்கொண்டால் நல்லது. முன்பதிவு செய்யும்போதே எந்தச் சோறு, எத்தனை பேருக்கு என்று சொல்லிவிட வேண்டும். அரிசி மட்டும் வேகவே இருபது நிமிடம் ஆகும், சாறுக்குத் தனி. உட்கார்ந்து பத்தே நிமிடத்தில் பாயேயா வந்தால் அது உங்களுக்காகச் சமைத்ததல்ல. வந்த பாத்திரத்தில் சோறு மெல்லிய படலமாக, விரல் அகலத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். குவியலாக இருந்தால் அடிப் பருக்கைக்கும் மேல் பருக்கைக்கும் ஒரே பக்குவம் வராது. அடியில் பிடித்த பொன்னிறத் தீய்ந்த படலம், 'சோக்கராத்', கடைசியில் கரண்டியால் சுரண்டிச் சாப்பிட வேண்டியது; பணியாளர் பரிமாறுகிறாரென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். ஒருவருக்கு 16 முதல் 25 யூரோ வரை ஆகும், சோற்றுக்கு மட்டும்.

அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலைப்பட்டியலில் 'போம்பா' என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். அது குழையாது என்பதால் உணவகங்களுக்கு வசதி. இந்த ஊர் வீடுகளில் செனியா வகையை விரும்புகிறவர்கள் ஏராளம். அது சாற்றின் ருசியை நன்றாக உள்ளிழுக்கும், ஆனால் இரண்டு நிமிடம் தவறினால் குழைந்துவிடும். துணிந்து செனியாவில் சமைக்கும் உணவகத்தை நான் கொஞ்சம் கூடுதலாக மதிப்பேன்.

கடற்கரைக்குப் போனால் கிடைப்பது காற்றும் வெளிச்சமும், சாப்பிட்ட பிறகு பிள்ளைகளை மணலில் விடும் வசதியும். ட்ராமிலேயே போய்விடலாம். 'லா பெபிகா' 1898-லிருந்து அங்கே இருக்கிறது. எழுத்தாளர் ஹெமிங்வே வந்து சாப்பிட்ட இடம் என்பதால் கூட்டம் எப்போதும் உண்டு. மல்வரோசாவில் 'காசா கர்மேலா', 1922-ல் தொடங்கியது, இன்னும் ஆரஞ்சு மர விறகில் சமைக்கிறது. விறகுத் தீயின் வித்தியாசம் வாயில் தெரியும். தீ பாத்திரத்தின் விளிம்பு வரை பரவுவதால் சோறு ஓரத்திலும் நடுவிலும் ஒரே மாதிரி வற்றும், லேசான புகை மணமும் சேரும். அங்கே வார இறுதிக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டியிருக்கும். மற்றபடி கடற்கரை வரிசையில் பொதுவாக என் யோசனை, கோழி முயலை விட்டுவிட்டு மீன் சாற்றுச் சோறு எதையாவது கேளுங்கள் என்பதே. அ பந்தாவும் சென்யோரெத்தும் அவர்கள் கைக்கு நன்றாக வரும். குறை, விலையும் இரைச்சலும். ஜூலை, ஆகஸ்டில் இரண்டுமே கூடும்.

அல்புஃபேரா ஏரிக்கரையிலுள்ள எல் பல்மார், நகரத்துக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவே இருக்கும் மீனவர் கிராமம். நகரப் பேருந்து 24 போகும், ஆனால் அடிக்கடி இல்லை. திரும்பும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு ஏறுங்கள். இங்கே தட்டில் இருக்கும் அரிசி கண்ணெதிரே விளைகிறது. மே மாதத்தில் வயலில் தண்ணீர் நிறுத்துவார்கள், கோடை முழுக்கப் பச்சை, செப்டம்பரில் அறுவடை. சோறுண்டு முடித்துப் படகில் ஏரியைச் சுற்றி வரலாம். பறவை பார்க்கிற பழக்கம் இருந்தால் அரை நாள் போவதே தெரியாது. கோழி முயல் பாயேயாவுக்கு என் ஓட்டு இங்கேதான். 'ஆல் இ பேப்ரே' என்ற பூண்டு மிளகாய்த்தூள் விலாங்குக் குழம்பும் இந்த ஊர்ச் சமையல். காரசாரமாக நம் நாக்குக்குப் பிடிக்கும். ஆனால் ஐரோப்பிய விலாங்கு அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று தெரிந்த பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். உங்கள் முடிவு உங்களுடையது.

2024 அக்டோபர் 29-ன் வெள்ளம் நகரத்துக்குத் தெற்கே இருந்த ஊர்களைப் புரட்டிப்போட்டது. அந்தத் தண்ணீரும் சேறும் குப்பையும் அல்புஃபேராவில்தான் வந்து சேர்ந்தன. 1957 வெள்ளத்துக்குப் பிறகு தூரியா ஆற்றைத் திருப்பிவிட்டதால் நகர மையம் தப்பியது; தெற்குப் பக்கம் தப்பவில்லை. அந்தப் பக்கத்து மக்கள் தொழிலை மறுபடி நிமிர்த்தப் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். கடற்கரையா ஏரிக்கரையா என்று இரண்டு மனமாக இருந்தால் ஏரிக்கரைக்குப் போங்கள் என்று நான் சொல்வதில் அதற்கும் பங்கு உண்டு.

ஊருக்குள்ளேயே சாப்பிடுவது நேரம் இல்லாதவர்களுக்கு. நல்ல சோற்றுக் கடைகள் நகரத்துக்குள் இல்லாமல் இல்லை. ஆனால் பிளாசா தே லா ரெய்னா, பிளாசா தே லா விர்ஹென் இரண்டையும் சுற்றிய ஓரிரண்டு தெருக்களில் தேர்ந்தெடுப்பது ரொம்பக் கஷ்டம். ஒரு நண்பர் குடும்பம் அங்கே ஓர் இரவு ஒருவருக்கு ஒரு பாத்திரம் என்று தனித்தனியாக வந்த மஞ்சள் சோற்றுக்கு நூறு யூரோவுக்கு மேல் கொடுத்துவிட்டு வந்து, பாயேயா என்றால் இவ்வளவுதானா என்று என்னிடம் கேட்டார்கள். எனக்கு அது நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

ஆக, சின்னப் பிள்ளைகளோடு வந்தால் கடற்கரை. பெரியவர்கள் மட்டும், அரை நாள் கையில் இருக்கிறது என்றால் எல் பல்மார். மழையோ நேரக் குறைவோ என்றால் சுற்றுலாச் சதுக்கங்களை விட்டு விலகி ஊருக்குள். தனியாக வருகிறவர்கள் பாயேயாவைத் துரத்த வேண்டாம். வார நாள் மெனுவில் சோறு வரும் கடையைக் கண்டுபிடித்து இரண்டு மணிக்குப் போய்விடுங்கள்.

இரவு

இரவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிரனாதா நகரில் பானம் கேட்டால் தபாஸ் என்ற சின்னத் தட்டுகள் இலவசமாக வரும். வலென்சியாவில் அப்படிக் கிடையாது. நாலைந்து சின்னத் தட்டுகள், இரண்டு பானங்கள் என்றால் மதிய மெனுவைவிடக் கூடுதலாகிவிடும். இரண்டு பேர் மூன்று தட்டைப் பகிர்ந்துகொண்டு போய்ப் படுப்பதே உத்தமம். சுட்ட சிவப்புக் குடைமிளகாயைக் கிழித்து உப்புக் கருவாட்டுக் காட் மீனோடு ஆலிவ் எண்ணெயில் ஊறவைத்த 'எஸ்கரையெத்' கேளுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை வந்தால் 'கிளோச்சினா' என்ற உள்ளூர்ச் சிறு சிப்பி. மற்ற மாதங்களில் கிடைக்காது. கபன்யாலில் 1836-லிருந்து இருக்கும் 'காசா மொந்தான்யா'வின் பழைய ஒயின் பீப்பாய்களுக்கு நடுவே ஓர் இரவு உட்காரலாம், முன்பதிவு செய்துவிட்டு.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் போதாது. ஹமோன் என்ற பதப்படுத்திய பன்றித் தொடைத் துண்டும் சூரை மீனும் அப்போதும் வந்து சேரும். சாலட் என்று பட்டியலில் இருந்தாலே அதில் டின் சூரை இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருப்புக் குழம்பு மாதிரித் தெரியும் 'லெந்தேஹாஸ்' பெரும்பாலும் பன்றி சாசேஜோடு வெந்தது. "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். காய்கறிப் பாயேயா பல இடங்களில் உண்டு, ஆனால் சாறு கோழியா காயா என்று விசாரிக்காமல் வாங்காதீர்கள். முன்பதிவிலேயே சொன்னால் தண்ணீரில் வைத்துத் தருவார்கள். மற்றபடி இந்த ஊர்க் காய்கறி அருமையானது. கோடையில் வலென்சியாத் தக்காளியை உப்பும் எண்ணெயும் மட்டும் போட்டுத் தருவார்கள், அதற்கே ஒரு தட்டு ரொட்டி காலியாகும்.

முழுச் சைவத்துக்கும் தயக்கமின்றி ஒத்துப்போவது ஓர்ச்சாத்தா. கோரைப்புல் இனத்தைச் சேர்ந்த சூஃபா என்ற சிறு கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால். மாட்டுப் பால் கிடையாது. மெட்ரோவில் அல்போராயா போனால் சூஃபா விளையும் வயல்களுக்கு நடுவிலேயே குடிக்கலாம். கூடவே தரும் நீள இனிப்பு ரொட்டியில் பாலோ முட்டையோ இருக்கலாம், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பில் வந்ததும் பதற வேண்டாம். பட்டியலில் போட்ட விலையில் வரி சேர்ந்தே இருக்கும். ரொட்டிக்கும் வெளி மேஜைக்கும் தனிக் காசு போடலாம், ஆனால் அதைப் பட்டியலில் முன்பே எழுதியிருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 2022-ல் சட்டமே வந்துவிட்டது. "அகுவா தெல் கிரிஃபோ" என்று கேளுங்கள். வலென்சியாவின் குழாய்த் தண்ணீர் ருசி எல்லோருக்கும் பிடிக்காது, அதனால் பாட்டில் வாங்கினாலும் குற்றமில்லை. டிப்ஸ் கட்டாயமே இல்லை. மனதுக்குப் பிடித்திருந்தால் ஓரிரு யூரோ வைப்பார்கள். கணக்கு தப்பென்று தோன்றினால் புகார்ப் படிவம் கேட்கலாம், எல்லா உணவகமும் அதை வைத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் ஊரில் இருக்கப் போகிறவர்களும் எழுதிக் கேட்கிறார்கள். பல நல்ல உணவகங்களுக்கு அன்று விடுமுறை. ஞாயிறன்று மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போவதில்லை என்பதால் மீனும் புதிதாக இருக்காது. அன்று கடல் பொருளை விட்டுவிடுங்கள். காலையில் சந்தை திறந்திருக்கும், பக்கத்துப் பாரில் முழு பொகதியோ சாப்பிடுங்கள். மதியம் பசித்தால் திறந்திருக்கும் ஏதாவது தெருமுனைக் கடையின் பலகையைப் படித்து அந்த நாளின் மெனுவைக் கேளுங்கள். ஐந்து மணிக்கு ஓர்ச்சாத்தா. ஆகஸ்ட் திங்கள் என்றால் மட்டும் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், ஏனென்றால் பாதி ஊர் கடையைச் சாத்திவிட்டு விடுமுறைக்குப் போயிருக்கும்.